பாடம் 9: சக்கரம் ஏன் சாலைக்குள் புதைந்தது?

கணினி விளையாட்டுகளை ஆடுவதில் நீங்கள் வல்லவர்கள். அவற்றை ஆக்கும் முறையில் ஒரு சிறு பகுதியை இப்பாடத்தில் காண்போம். விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளைக் கேம் எஞ்சின் என்பர். அவற்றுள் ஒன்று கோடோ. அர்ஜென்டினா நாட்டில் தோன்றிய இதன் மூலநிரல் 2014ஆம் ஆண்டு முதல் அனைவர்க்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மாணவி ஒருத்தி தில்லித் தெருவைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டை அமைத்தாள். அதில் ஓடும் சைக்கிள் ரிக்ஷாவைப் பக்கவாட்டில் வரைந்தாள். இரு சக்கரங்கள், இருக்கை, கூரை, ஓட்டுநர் எனத் தனித்தனிப் படங்கள். மறுநாள் பள்ளிக் கண்காட்சி. ரிக்ஷாவோ மிகச் சிறிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு படத்தையும் இருமடங்கு பெரிதாக்கினாள். படங்கள் வளர்ந்தன, அவற்றின் இடங்களோ மாறவில்லை. சக்கரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. கூரை ஓட்டுநரின் முகத்தை மறைத்தது.

கோடோவில் ஒவ்வொரு பொருளும் ஒரு கணு. ஒரு கணுவின்கீழ் பல கணுக்களை இணைக்கலாம். மேலிருப்பதைத் தாய்க்கணு என்றும், கீழிருப்பவற்றைச் சேய்க்கணு என்றும் இங்கே அழைப்போம். சேயின் இடம் தாயின் ஆதிப்புள்ளியிலிருந்தே அளக்கப்படுகிறது. ஆகவே தாயின் அளவு மாறும்போது சேயின் உருவம் மட்டுமன்றி, அது நிற்கும் தொலைவும் அதே மடங்கில் பெருகும். முன்சக்கரத்தின் மையம் ஆதிப்புள்ளிக்கு வலப்புறம் 30 பிக்சல் தொலைவில் இருந்தால், தாயை 2 மடங்காக்கியதும் அது 60 பிக்சலுக்கு நகரும். சேய்க்குத் தனியே 0.5 என்னும் அளவு இருப்பின், 2 × 0.5 = 1; திரையில் அது தன் இயல்பான அளவிலேயே தோன்றும். இதில் ஒரு வியப்பு உண்டு. சேயின் அளவுப் பெட்டியில் எண் சிறிதும் மாறாது, 0.5 என்றே நிற்கும். பெட்டியை மட்டும் பார்த்து ஏமாறுபவர் பலர்.

மாணவி எல்லாப் படங்களையும் ஒரு வெற்றுத் தாய்க்கணுவின்கீழ் சேர்த்து, தாயை மட்டும் இருமடங்காக்கினாள். ரிக்ஷா உருக்குலையாமல் வளர்ந்தது. ஆனால் சக்கரங்கள் பாதிக்கு மேல் சாலைக்குள் புதைந்தன!

காரணம் ஆதிப்புள்ளி. அவள் அதனை வண்டியின் நடுவே, சாலைக்கு 45 பிக்சல் உயரத்தில் வைத்திருந்தாள். பெரிதாக்கும்போது அப்புள்ளி மட்டுமே அசையாமல் நிற்கும்; மற்றவை எல்லாத் திசையிலும் அதைவிட்டு விலகும். சக்கரத்தின் அடி 45 பிக்சல் கீழே இருந்தது. அது 90 ஆயிற்று. எனவே 45 பிக்சல் மண்ணுக்குள்! அவள் சேய்களை எல்லாம் மேலே நகர்த்தி, ஆதிப்புள்ளி சாலையைத் தொடும்படி செய்தாள். அதன்பின் எத்தனை மடங்காக்கினாலும் வண்டி மேல்நோக்கியே வளர்ந்தது. வீடு, மரம், மனிதர் என நிலத்தில் நிற்கும் எதற்கும் ஆதிப்புள்ளியைக் காலடியில் வைப்பதே நலம்.

அகலத்தை மட்டும் நீட்டலாமா? நீட்டலாம்; சக்கரம் நீள்வட்டமாகிவிடும். அது சுழலும்போது ஆரக்கால்கள் கிடையாக வருகையில் நீண்டும் நிமிர்கையில் குறுகியும் தோன்றும். பார்ப்பவர்க்குச் சிரிப்பே வரும். மோதலைக் கண்டறியும் வடிவத்தை இவ்வாறு இழுத்தால் சிரிப்பும் வாராது. மோதல் தவறாகக் கணிக்கப்படலாம். அதன் ஆரத்தையோ நீள அகலத்தையோ நேரடியாக மாற்றுவதே முறை.

கோடோவில் 'குழு' என்று வேறொன்றும் உண்டு. அது உறவன்று, ஒரு பெயர்ச்சீட்டு. தெருவின் ரிக்ஷாக்கள் அனைத்தையும் 'வண்டிகள்' என்னும் குழுவில் சேர்த்தால், சிவப்பு விளக்கு எரிந்தவுடன் ஒரே கட்டளையால் எல்லாவற்றையும் நிறுத்தலாம். குழுவைப் பெரிதாக்க இயலாது. தாயைத்தான் பெரிதாக்க இயலும்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: தாய்க்கணு, ஆரக்கால், ஆதிப்புள்ளி.

2. தாய்க்கணுவின் அளவு 3. சேய்க்கணுவின் அளவு 0.5. சேய் திரையில் எத்தனை மடங்காகத் தோன்றும்?

3. விட்டத்திலிருந்து தொங்கும் விளக்கு ஒன்றைப் பெரிதாக்க வேண்டும். அதன் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பீர்கள்? ஏன்?