ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கா? ஒருவருக்கு ஒரு வாக்கா?

மாணவர்களே, உங்கள் பள்ளிக் கணிதக் கழகத்திற்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது எளிது. பெயர்ப்பட்டியல் ஆசிரியரிடம் இருக்கும். ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆனால், உறுப்பினர்கள் உலகமெங்கும் இருந்து, யார் யாரென்றே தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்?

பிளாக்செயினில் இயங்கும் சமூகங்களுக்கு இதே சிக்கல்தான். அங்கே ஆளைத் தெரியாது. கணக்கு மட்டுமே தெரியும். ஆகவே, வாக்குரிமையை டோக்கன்களாக்கிப் பகிர்ந்தளிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதில்தான் சமூகத்தின் நியாயம் அடங்கியிருக்கிறது.

ஓர் உண்மைச் சான்று

யூனிஸ்வாப் என்பது எத்தீரியம் பிளாக்செயினில் மின்னிலக்க நாணயங்களை மாற்றிக்கொள்ள உதவும் நிரல். 2020 செப்டம்பரில் அதற்காக 1 பில்லியன் டோக்கன்கள் உருவாக்கப்பட்டன. 60 விழுக்காடு சமூகத்திற்கு ஒதுக்கப்பட்டது. மீதி 40 விழுக்காடு உருவாக்கிய குழுவினர், முதலீட்டாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோருக்கு. இவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே டோக்கன் கிடைக்கும்படி அப்போது விதிக்கப்பட்டது. மொத்தமாகக் கொடுத்தால் உடனே விற்றுவிட்டு விலகிவிடலாம் அல்லவா?

செப்டம்பர் 1க்கு முன் அந்நிரலைப் பயன்படுத்திய ஒவ்வொரு கணக்கும் 400 டோக்கன் பெறலாம் என்பது விதி. ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு. ஒரு தீர்மானம் நிறைவேறக் குறைந்தது 40 மில்லியன் ஆதரவு வாக்குகள் தேவை. கணக்கிடுங்கள்: 40,000,000 ÷ 400 = 100,000. சாதாரணப் பயனர்கள் நூறாயிரம் பேர் திரள வேண்டும். 40 மில்லியன் டோக்கன் வைத்திருப்பவருக்கோ தாம் ஒருவரே போதும்!

வர்க்கமூலம் உதவுமா?

இதற்கு ஒரு மாற்று உண்டு. டோக்கன் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை வாக்காகக் கொள்ளலாம். 100 டோக்கனுக்கு 10 வாக்கு. 10,000 டோக்கனுக்கு 100 வாக்கு. செல்வம் நூறு மடங்கு அதிகம். செல்வாக்கோ பத்து மடங்குதான்.

ஆனால், இதிலும் ஓர் ஓட்டை உண்டு. 10,000 டோக்கன் உடையவர் நூறு கணக்குகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் 100 டோக்கன் வைத்தால்? 100 × 10 = 1,000 வாக்குகள்! இத்தகைய ஏமாற்று வேலையைச் ‘சிபில் தாக்குதல்’ என்பார்கள். ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் கணக்கைப் பிரிப்பதால் வாக்கு கூடாது. ஆனால் அங்கே பணக்காரர் கை ஓங்கும். வர்க்கமூல முறை பணபலத்தைக் குறைக்கும். ஆனால் போலிக் கணக்குகளுக்கு வழிவிடும்.

அதனால், ஒருவர் ஒருவர்தான் என்று உறுதிசெய்யும் வழியும் தேவைப்படுகிறது. ஆப்டிமிசம் என்னும் சமூகம் 2022இல் இரண்டு அவைகளை அறிவித்தது. ஒன்றில் டோக்கனுக்கு ஏற்ற வாக்கு. மற்றொன்றில் ஒருவருக்கு ஒரு வாக்கு. இரண்டாம் அவையின் உறுப்பியத்தை விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. ஓர் அவை மற்றொன்றைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும், அந்த உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி எழும். விதியை எழுதுபவர் கையிலும் அதிகாரம் இருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

முயன்று பாருங்கள்

வர்க்கமூல முறையில், 2,500 டோக்கன் உடைய ஒருவர் அவற்றை 25 கணக்குகளில் சமமாகப் பிரித்தால் அவருடைய வாக்கு எத்தனை மடங்காகும்?

விடை: 50 வாக்கு 250 ஆகும், அதாவது 5 மடங்கு. 25இன் வர்க்கமூலமும் 5 தானே! ஏன் அப்படி என்று சிந்தியுங்கள்.