கோலின் அற்ற உணவும் ஈரலில் படியும் கொழுப்பும்

கணையம் அகற்றப்பட்ட நாயை இன்சுலினைக் கொண்டு நெடுநாள் உயிருடன் வைத்திருக்க இயலுமா? இன்சுலின் கண்டறியப்பட்ட சில ஆண்டுகளுக்குள் கனடாவின் டொராண்டோ நகரில் எழுந்த கேள்வி இது. இறைச்சியும் சர்க்கரையும் தின்று, வேளை தவறாமல் இன்சுலினும் பெற்று வந்த நாய்கள் சில மாதங்களில் நலிந்து மாண்டன. அவற்றின் ஈரல்களில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. உணவுடன் பச்சைக் கணையத்தைச் சேர்த்துக் கொடுத்தபோதோ நாய்கள் தேறின. கணையத்துக்குப் பதிலாக லெசிதினே போதும் என்று ஹெர்ஷி 1930-இல் காட்டினார். லெசிதினில் அடங்கிய கோலின் என்னும் பொருளே ஈரலைக் காக்கிறது என்று 1932-இல் பெஸ்ட்டும் அவருடைய துணைவர்களும் எலிகளைக் கொண்டு நிறுவினர்.

இதன் காரணம் பின்னர் விளங்கியது. ஈரல் தன்னிடம் சேரும் கொழுப்பைப் புரதத்துடன் சேர்த்துச் சிறு துகள்களாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. அத்துகளின் மேலுறைக்குக் கோலின் அடங்கிய பாஸ்போலிப்பிட் தேவை. உறை இல்லையேல் சரக்கு வெளியேறாது; ஈரலிலேயே தங்கிவிடும். கோலின் கிடைக்காவிடினும், மெதியோனைன் என்னும் அமினோ அமிலத்தின் துணையால் ஈரல் இவ்வுறைப் பொருளைத் தானே ஓரளவு ஆக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒருங்கே விலக்கினால் இரு வழிகளும் அடைபடுகின்றன.

இந்த அடிப்படையில் அமைந்த உணவு, இன்று சோதனைச் சாலைகளில் சுண்டெலிகளுக்குப் பெரிதும் அளிக்கப்படுகிறது. அதில் சுமார் 40 சதவிகிதம் சர்க்கரையும் 10 சதவிகிதம் கொழுப்பும் உண்டு. கோலினும் மெதியோனைனும் இல்லை. ஒப்பீட்டுக்காக வேறொரு தொகுதிக்கு, அவ்விரண்டையும் சேர்த்த அதே உணவு தரப்படும். சில வாரங்களில் முதல் தொகுதியின் ஈரலில் கொழுப்பும், அடுத்து அழற்சியும், பின்னர் நார்த் திசுவும் தோன்றுகின்றன. நுண்ணோக்காடியில் காணும் தோற்றம் மனிதனின் நோயை வெகுவாக ஒத்திருக்கும்.

ஆனால் ஆராய்ச்சியாளர் விழிப்புடன் இருக்க வேண்டிய இடமும் இதுவே. ஈரலில் கொழுப்பு மிகுந்த மனிதர்களில் பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்கு இன்சுலின் செவ்வனே வேலை செய்வதில்லை. நீரிழிவும் உடன் காணப்படும். இந்தச் சுண்டெலிகளோ நாளுக்கு நாள் மெலிகின்றன. அவற்றின் இரத்தச் சர்க்கரையும் உயர்வதில்லை. புண்பட்ட ஈரல் ஒன்றாகத் தோன்றினும், அது புண்பட்ட வழி வேறு. அழற்சியையோ நார்த் திசுவையோ தடுக்கும் மருந்தை ஆராய்வதற்கு இவ்வுணவு ஏற்றது. உடற்பருமனின் விளைவை மாற்றும் மருந்தை இதனைக் கொண்டு எடை போடுவது பொருந்தாது. எலியைக் குணப்படுத்திய மருந்து நோயாளிக்குப் பயன்படாமல் போகக்கூடும்.

மெலிவைத் தவிர்க்கும் பொருட்டு, கோலினை நீக்கி, மெதியோனைனைச் சிறிதளவே வைத்து, கொழுப்பை மிகுதியாகச் சேர்த்த உணவொன்று 2013-இல் வெளியிடப்பட்டது. அதனை உண்ணும் சுண்டெலிகள் அவ்வளவாக எடை இழப்பதில்லை. ஈரலில் நார்த் திசுவும் விரைவில் உண்டாகிறது. எனினும் அங்கும் நோயைத் தொடங்கி வைப்பது கோலின் குறைவேயன்றி உடற்பருமன் அன்று.

மனிதரில் இக்குறைவு நேரடியாக வெளிப்படும் ஒரு நிலையும் உண்டு. நெடுங்காலம் இரத்தக் குழாய் வழியாகவே ஊட்டம் பெற்ற நோயாளிகள் சிலரின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. கோலின் அளித்தபோது அது குறைந்தது என 1990-களின் ஆய்வுகள் காட்டின. டொராண்டோவின் நாய்கள் காட்டிய நோய்க்கு மிக அருகில் நிற்பவர்கள் இந்நோயாளிகளே.