பத்திரிகைகள் பிறந்த கதையும் அதில் நம்மவர் பங்கும்



பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்துப் பிழைக்கும் நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். மத்ரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே என் கல்வி. ஆயினும் என் கடை வாசலில் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பத்திரிகைகளும் ஒரே பலகையில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. விடியற்காலையில் கட்டுகளை அவிழ்த்து அடுக்கும்போது, "இவையெல்லாம் எங்கே பிறந்தன? யார் தொடங்கினார்கள்?" என்ற எண்ணம் அடிக்கடி எழும். அதைத் தேடிப் படித்து அறிந்ததை நம் சங்கத்தின் இதழிலே உங்கள் முன் வைக்கிறேன்.

உலகில் முதலில்

அச்சிட்ட வாரப் பத்திரிகைகளில் மிகப் பழையது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது, ஜெர்மானிய மொழியில் 1605-ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யோஹான் கரோலஸ் என்பவர் தொடங்கியதாகும். அவர் முன்னமே செய்திகளைக் கையால் எழுதிப் பணக்காரர்களுக்கு விற்று வந்தவர். கையால் எழுத நேரம் பிடிக்கிறது, அச்சிட்டால் விரைவாகும் என்பதே அவர் அச்சுக்கு மாறிய காரணம். ஆக, முதற் பத்திரிகையைப் பிறப்பித்தது ஒரு வியாபாரியின் கணக்கேயாகும்.

இந்தியாவில் 1780 ஜனவரி 29-ஆம் நாள் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர் ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்றை வெளியிட்டார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைத் தாக்கி எழுதியதால் ஹிக்கி சிறை சென்றார். இரண்டே ஆண்டுகளில் அச்சு எந்திரமும் பறிபோயிற்று. பத்திரிகைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள சண்டை அன்றே தொடங்கிவிட்டது. 1822-ல் பம்பாயில் குஜராத்தி மொழியில் பர்தூன்ஜி மர்ஸ்பான் தொடங்கிய 'பம்பாய் சமாச்சார்' பத்திரிகையோ இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. எகிப்தில் முகம்மது அலி பாஷாவின் ஆட்சியில் 1828-ல் அரசாங்கப் பத்திரிகை துருக்கியிலும் அரபியிலும் வெளிவந்தது. தமிழ் வழங்கும் யாழ்ப்பாணத்தில் 1841-ல் 'உதயதாரகை' தோன்றியது.

நம் கடற்கரையில்

இந்த நாட்டுக்கு வருவோம். 1806-ல் பினாங்கில் ஆங்கிலப் பத்திரிகை வெளியாயிற்று. 1815-ல் மலாக்காவில் வில்லியம் மில்னே என்ற பாதிரியார் சீன மொழியில் ஒரு மாத இதழை அச்சிட்டார். சீன தேசத்துக்குள் மத நூல்களை அச்சிடத் தடை இருந்தபடியால், நம் மலாக்காவே அதற்கு இடமாயிற்று. சீன மொழியின் புதிய முறைச் சஞ்சிகைகளுக்கு இதுவே முதலாவது என்று சரித்திரக்காரர் சொல்வர்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், கொழும்பு, கல்கத்தா, பம்பாய் எல்லாம் கப்பல் வந்து நிற்கும் இடங்கள் என்பதைக் கவனியுங்கள். கப்பலோடு காகிதம் வந்தது, எந்திரம் வந்தது, செய்தியும் வந்தது. எந்தச் சரக்கு எப்போது வரும், மிளகு என்ன விலை, பாக்கு என்ன விலை என்று அறிய வேண்டியவர்களும் அங்கேயே இருந்தார்கள். 1870-71-ல் சென்னையிலிருந்து கடலடித் தந்திக் கம்பி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த பிறகு, வாரக்கணக்கில் வந்த செய்தி சில மணி நேரத்தில் வரலாயிற்று. பத்திரிகைகள் பெருகியதும் அந்தக் காலத்திலேதான்.

என் பெருமையும் அதன் திருத்தமும்

சிங்கப்பூரில் 1876-ல் 'ஜாவி பிரானாக்கான்' என்ற மலாய் வாரப் பத்திரிகை தொடங்கியது. ஜாவி பிரானாக்கான் என்போர் இந்திய முஸ்லிம்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் இந்த மண்ணில் பிறந்த வழித்தோன்றல்கள். அவர்களில் பலர் குமாஸ்தாக்களாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் இருந்தவர்கள். பல மொழி அறிந்தவர்களாதலால் பத்திரிகைத் தொழில் அவர்களுக்குக் கைவந்தது. முன்ஷி முகம்மது சயீது பின் தாதா முகையிதீன் என்பவர் 1888 வரை அதன் ஆசிரியராயிருந்தார். பத்திரிகை 1895 வரை நடந்தது. அரபி எழுத்தோடு ச, ங, ப, க, ஞ ஆகிய ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிச் சேர்த்த ஜாவி எழுத்திலே அது வந்தது. நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அர்வியும் இதே வழிதான்.

"மலாய் மொழியின் முதற் பத்திரிகையை நடத்தியது நம் இரத்த உறவினரே" என்று நான் பல ஆண்டுகள் கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. பின்னர் படித்தபோதுதான் என் கூற்று முழு உண்மையன்று என்று தெரிந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே, 1869-ல், கொழும்பு நகரில் பாபா யூனுஸ் சல்தீன் என்ற இலங்கை மலாய்க்காரர் 'ஆலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையைக் கல்லச்சில் வெளியிட்டிருக்கிறார். எனவே 'ஜாவி பிரானாக்கான்' சிங்கப்பூரில் முதலாவது. மலாய் மொழிக்கே முதலாவது அன்று. அதே இலங்கையில் 1882-ல் அறிஞர் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கிச் சமூகத்தின் கல்விக்காகப் பாடுபட்டார்.

பெருமையைக் குறைத்துச் சொல்வதில் நஷ்டமில்லை. எடைக் கல்லைச் சரிபார்ப்பது போலப் பேச்சையும் சரிபார்க்க வேண்டும் அல்லவா?

மகுதூம் சாயபு

இப்போது நம் தமிழுக்கு வருவோம். சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயபு என்ற பெரியவர் 'தீனோதயம்' என்ற அச்சுக்கூடத்தை நடத்தி வந்தார். 1887 ஜூன் 27-ஆம் நாள், திங்கட்கிழமை, அவர் 'சிங்கை நேசன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். உள்ளூர்ச் செய்தி, வெளிநாட்டுச் செய்தி, வாசகர் கடிதம், கவிதை என்று பலவும் அதில் வந்தன. 1888-ல் அதில் வந்த 'வினோத சம்பாஷணை' என்பதே சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று எழுத்தாளர் ந. கோவிந்தசாமி வாதிட்டுள்ளார்.

இன்னொரு செய்தியையும் மனத்தில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் சிங்கப்பூர் முருகப் பெருமான்மீது பாடிய 'சிங்கை நகரந்தாதி' 1887-ல் அச்சேறியது இந்தத் தீனோதய அச்சுக்கூடத்திலேதான். முஸ்லிம் ஒருவரின் அச்சுக்கூடத்தில் இந்து பக்தி நூல் அச்சாயிற்று. தமிழ் என்றால் எல்லோருக்கும் இடமுண்டு என்பது அவர் கருத்தாயிருக்கவேண்டும்.

'சிங்கை நேசனு'க்கு முன்னரே, 1875-ல், 'சிங்கை வர்த்தமானி' என்ற பத்திரிகை இருந்ததென்று ஆராய்ச்சியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் எடுத்துப் படிக்க அதன் பிரதி கிடைக்கவில்லை. அதில் என்ன எழுதினார்கள், யாரை வாழ்த்தினார்கள், எதைக் கண்டித்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. 'சிங்கை நேசன்' பிரதிகளோ காக்கப்பட்டன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் வாயிலாக அவற்றை இன்றும் படிக்கலாம். ஆகவேதான் மகுதூம் சாயபுவின் தமிழ் நடையையே நாம் அறிய முடிகிறது. அச்சடித்தது மட்டும் போதாது. யாரோ ஒருவர் அடுக்கி வைத்ததால்தான் சரித்திரம் பிழைத்தது.

கோலாலம்பூரில்

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற நம் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்துகொண்டிருந்த நாளில், 1896 டிசம்பரில், கோலாலம்பூரில் 'மலாய் மெயில்' என்ற ஆங்கில நாளிதழ் தோன்றியது. இரயில்வேயும் ரப்பர்த் தோட்டங்களும் தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொண்டு வந்து சேர்த்த பின்னர், 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசனை'த் தொடங்கினார். 'மலாய் மெயில்' 2018 டிசம்பரில் காகிதப் பதிப்பை நிறுத்திற்று. 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி இறுதியோடு நின்றது. பிப்ரவரி முதல் நாள் காலை ஒரு பெரியவர் வழக்கம்போலச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை முன் வந்து நின்றார். பலகையில் வெறுமையாயிருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அவரோடு சேர்த்து நாலைந்து பேர்தான் என்னிடம் அதை நாள் தவறாமல் வாங்கியவர்கள். பத்திரிகை நின்றதற்கு வருந்தியவர்களோ நூறு பேர். வருந்தியவர்கள் வாங்கியிருந்தால் கணக்கு வேறாயிருக்கலாம்.

என் பிழை

இதுவரை பிறர் கதை சொன்னேன். என் கதையையும் சொல்ல வேண்டும். என் அத்தா மௌத்தான பின்பு கடையின் மாடியைச் சுத்தம் செய்தபோது, பழைய சங்க இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தது. கறையான் தொட்டிருந்தது. இடம் அடைக்கிறதே என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். நான்கைந்து வெள்ளி கிடைத்தது.

சில மாதம் கழித்து, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். "தம்பி, உங்க அத்தா பழைய இதழையெல்லாம் சேர்த்து வைப்பாரே, இருக்குதா? கட்டட நிதிக்கு எங்க அத்தா அஞ்சு வெள்ளி குடுத்தாங்க. அந்தப் பட்டியல்ல பேர் வந்திருந்துச்சு. அவங்க பேர் அச்சில வந்தது அது ஒண்ணுதான். பேரனுக்குக் காட்டணும்" என்றார்.

"இல்லை மாமா, போட்டுட்டேன்" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "பரவாயில்லை தம்பி" என்று பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பரவாயில்லை இன்னும் என் காதிலிருக்கிறது. 'சிங்கை வர்த்தமானி'யைக் காக்கத் தவறியவரும் என்னைப் போன்ற ஒரு கடைக்காரராகத்தான் இருந்திருப்பார்.

நாம் செய்யக்கூடியது

ஆகவே சகோதரர்களே, மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். முதலாவது, வீட்டிலோ கடையிலோ பழைய சங்க இதழ், மீலாது மலர், கல்யாண வாழ்த்து மடல், பள்ளிவாசல் கணக்கு எது கிடந்தாலும் எடைக்குப் போடாமல் சங்கத்தில் கொடுங்கள். கொடுக்க மனமில்லையேல், கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தாவது தாருங்கள். இரண்டாவது, ஒவ்வோர் ஆண்டும் நம் இதழ்களை ஒன்றாகக் கட்டி, ஒரு பிரதியைச் சங்கத்திலும் ஒன்றைத் தேசிய நூலகத்திலும் சேர்க்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்யவேண்டும். மூன்றாவது, சந்தா பாக்கி வைத்திருப்போர் செலுத்திவிடுங்கள். பாக்கியால் படுத்த கடைகளை நான் கண்டிருக்கிறேன். பத்திரிகைக்கும் அதே கதிதான்.

அந்தப் பெரியவரின் தகப்பனார் பெயர் வந்த இதழ் உங்களில் யாரிடமேனும் இருக்கக்கூடும். இருந்தால் என் கடைக்குக் கொண்டு வாருங்கள். நானே அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.