பழைய லேண்ட் ரோவரின் கருவிப் பலகையைக் கழற்றும் முறை

கெர்லிங் வட்டாரத் தோட்டங்களில் நெடுநாள் வாழ்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் வண்டியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. செம்மண் சேற்றிலும் மேட்டுக் காட்டிலும் அயராது ஓடிய வண்டி அது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. அதன் மூன்றாம் வரிசை 1971 முதல் 1985 வரை வெளிவந்தது. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் உழைக்கின்றன. அத்தகைய வண்டியின் கருவிப் பலகையை முறையாகக் கழற்றி மாட்டுவது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடம்.

முதலில் நோயை அறிக

முள் அசையவில்லை என்றவுடன் பலகையைக் கழற்றிவிடுதல் கூடாது. லேண்ட் ரோவரின் மேலுடல் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது, ஆதலால் துருப்பிடிப்பதில்லை. ஆனால், கருவிப் பலகையைத் தாங்கும் முன்தடுப்பு இரும்புத் தகட்டால் ஆனது. நம் நாட்டு ஈரக் காற்றில் அது துருவேறி, எர்த் இணைப்பைக் கெடுத்துவிடும். விளக்குகள் மங்கலாக எரிந்தால் அவ்விணைப்பையே முதலில் ஐயுற வேண்டும்.

1967ஆம் ஆண்டுக்குப் பிந்தைய வண்டிகளில் எண்ணெய்முள்ளும் வெப்பமுள்ளும் ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் காட்டினால், இரண்டு கருவிகளும் கெட்டுவிட்டன என்று கருத வேண்டா. அவற்றிற்குப் பத்து வோல்ட் அளவில் மின்சாரம் தரும் சிறு நிலைப்படுத்தியோ அதன் எர்த் இணைப்போ பழுதாகியிருக்கலாம். வேகமுள் துள்ளினால் கேபிள் மடிந்திருக்கும் அல்லது மசகின்றி வறண்டிருக்கும்.

கழற்றும் முறை

1. கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வைக்கவும்.

2. பேட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கம்பியை முதலில் நீக்கவும். 1967க்கு முந்தைய பல வண்டிகளில் நேர்முனையே எர்த் ஆகும். ஆகவே, அடையாளக் குறியை மட்டும் நம்பாமல், கம்பி செல்லும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்க.

3. இரண்டாம் வரிசை வண்டிகளில் கருவிப் பலகை நடுவில் இருக்கும். மூன்றாம் வரிசையில் ஓட்டுநருக்கு நேரெதிரே இருக்கும். விளிம்புத் திருகாணிகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் இடுக.

4. பலகையைச் சிறிதளவே முன்னுக்கு இழுக்கவும். வேகமானியின் பின்புறமுள்ள கேபிள் மரையைக் கையால் திருகி விடுவித்த பின்னரே முழுமையாக இழுக்க வேண்டும்.

5. ஒவ்வொரு கம்பியையும் நீக்குமுன் அதில் எண்ணிட்ட தாளை ஒட்டி, அதே எண்ணையும் அது இருந்த இடத்தையும் குறிப்பேட்டில் எழுதுக. பழுப்புக் கம்பி ஃபியூஸ் வழியே வராமல் பேட்டரி மின்சாரத்தைக் கொணர்வது. கறுப்பு எர்த் கம்பி. ஆயினும், பழைய வண்டியில் பலர் கைவைத்திருப்பர். நிறத்தை மட்டும் நம்புதல் தகாது.

6. பல்புத் தாங்கிகளை மெல்ல இழுத்து எடுக்கவும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டப் பட்டறையில் இக்கட்டுரையாளர் நேரில் கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. "ஒரு பல்புதானே, ஐயா!" என்று கூறிய இளைஞர், பேட்டரியைத் துண்டிக்காமல் பலகையை இழுத்தார். பழுப்புக் கம்பி இரும்பில் உராய்ந்தது. நொடிப்பொழுதில் புகை எழுந்தது. அருகிருந்த முதியவர் ஓடிச்சென்று பேட்டரிக் கம்பியைப் பிடுங்கியிராவிடில் கொட்டகையே எரிந்திருக்கும். ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த எண்ணியவர் மூன்று நாள் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

மாட்டும்போது

எர்த் தொடுமிடங்களை உப்புத்தாளால் பளிச்சிடத் தேய்க்கவும். கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் மாட்டுக. பேட்டரியின் எர்த் கம்பி இறுதியில் வர வேண்டும். பின்னர்ச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் எண்ணெய் அழுத்த விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அவ்விளக்கு எரியாத வண்டியில் எண்ணெய் வற்றினாலும் ஓட்டுநர் அறியார். சிறு பல்பு ஒன்றினால் முழு எஞ்சினும் பாழாகும்.

குறிப்பேட்டின் பயன்

எழுதி வைத்துக் கழற்றுபவர் பிறரை நம்பியிருக்க வேண்டியதில்லை. அக்குறிப்பேட்டிற்கு மற்றொரு பயனும் உண்டு. பள்ளிப் படிப்புக் குறைந்தவராயினும், வேலையில் பெற்ற அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழியைத் திறன் மேம்பாட்டுத் துறை வைத்திருக்கின்றது. செய்த பழுதுபார்ப்பு, நாள், படம் ஆகியவற்றை இன்றே பதிவு செய்யத் தொடங்குங்கள். கையறிந்த தொழில் ஏட்டிலும் ஏறட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. எர்த் கம்பியை முதலில் நீக்குவது ஏன்?
2. இரண்டு முட்களும் ஒருசேர அளவுக்கு மேல் காட்டினால் எதனை ஐயுற வேண்டும்?
3. எண்ணெய் அழுத்த விளக்கை எவ்வாறு சோதிப்பீர்கள்?