பாதம் தொங்கலாமா?

கேள்வி: ஹைசேரில் உட்காரும் குழந்தைக்குக் கால் வைக்கப் பலகை அவசியமா?

பதில்: கட்டாயமில்லை, இருந்தால் நல்லது.

ஆறேழு மாதக் குழந்தைக்கு நிமிர்ந்து உட்காருவதே பெரிய வேலை. கால் தொங்கினால் உடம்பு சறுக்கும், ஒரு பக்கம் சாயும். கவனம் சாப்பாட்டில் நிற்காது. பாதம் பதிந்தால் இடுப்பு நிலைக்கும். கையால் எடுத்து வாயில் வைப்பதும், மென்று விழுங்குவதும் எளிதாகும்.

நார்வேயின் பீட்டர் ஒப்ஸ்விக், தம் மகன் சாப்பாட்டு மேசையில் கால் எட்டாமல் தவித்ததைப் பார்த்தே ‘டிரிப் டிராப்’ நாற்காலியை வடிவமைத்தார். 1972இல் விற்பனைக்கு வந்தது. குழந்தை வளர வளர இருக்கையையும் கால்பலகையையும் இறக்கிக்கொள்ளலாம்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 டிகிரியில் மடங்கினால் உயரம் சரி. பலகையில் ஊன்றிக் குழந்தை எழுந்து நிற்கப் பார்க்கும்; ஆகவே பெல்ட் போடாமல் உட்கார வைக்கக் கூடாது.