படிவம் கடைசியாக மலையேறட்டும்

உளவியல் ஆய்வு வகைகளைப் பாடப்புத்தகம் அடுக்கிச் சொல்லும்போது, ஓட்டல் பலகையில் எழுதியிருப்பது போலத் தெரியும்: விவரிக்கும் ஆய்வு, தொடர்பு காணும் ஆய்வு, சோதனை ஆய்வு. வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று மாணவர் நினைக்கிறார். எடுப்பது பெரும்பாலும் சர்வே. உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் கொடுத்த ஐந்து கட்ட அளவுகோலை அச்சடித்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை டிக் வாங்கிவிட்டால் தரவு தயார். கள ஆய்வு வேலை எனக்குக் கற்றுக்கொடுத்ததை ஒரே வரியில் சொல்லலாம்: முதலில் பார், பிறகு கேள், அதற்கும் பிறகுதான் எண். இந்த வரிசையைப் புரட்டினால் என்ன ஆகும் என்பதைக் கொல்லிமலையை வைத்தே காட்டிவிடலாம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு என்று 'நாடு' பெயர் தாங்கிய ஊராட்சிகளில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பேசுவது தமிழ்.) சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் பெரும்பகுதியைச் சில பத்தாண்டுகளில் மரவள்ளி பிடித்துக்கொண்டது. கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, கையில் காசு வரும். இங்கே போய் 'சாமைச் சோறு உங்களுக்குப் பிடிக்குமா?' என்று ஐந்து கட்டத்தில் கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அது பொய்யும் அல்ல. ஆனால் அந்தப் பதிலிலிருந்து, அடுத்த பட்டத்தில் யார் சாமை விதைப்பார் என்று கணிக்க முடியாது. உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, மறுபடி குத்தும் பெண்ணின் தோள்வலிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானிய வேலையில் இறங்கியபோது, உமி நீக்கும் இயந்திரத்தை ஊருக்குள் கொண்டுவந்ததும் ஒரு முக்கியமான காரியம். சிக்கலை 'மனப்பான்மை' என்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் விழிப்புணர்வு நோட்டீஸோடு வேலை முடிந்திருக்கும். சொல்வதும் செய்வதும் வேறு என்பதற்கு உளவியலிலேயே பழைய சான்று உண்டு. சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவில் சுற்றியபோது 251 விடுதி, உணவகங்களில் ஒன்றுதான் இடம் மறுத்தது. பிறகு கடிதம் போட்டுக் கேட்டபோது பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சீனர்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். 1934-ல் வெளியான கட்டுரை அது.

மனநல அளவுகோல்களுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமாகிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டியவர். நல்ல கருவி, நானும் மதிப்பவன். ஆனால் ஏழாவது கேள்வி, செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது போன்றவற்றில் மனம் ஒன்றவில்லையா என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் இதை எப்படிக் கேட்பது? நான்காவது கேள்வி களைப்பு. மிளகுக் கொடிக்கு ஏணி போட்டு நாள் முழுக்க ஏறி இறங்கியவர் 'தினமும்' என்றால் அது நோய்க்குறியா, கூலி வேலையா? ஐந்தாவது, பசியின்மையையும் அதிகமாகச் சாப்பிடுவதையும் ஒரே மூச்சில் கேட்கிறது. 'ஆமாங்க' என்று பதில் வந்தால் எதற்கு ஆமாம்?

அந்த 'ஆமாங்க'வைத் தனியாகப் பார்க்க வேண்டும். வீடு தேடி வந்து எழுதுகிறவரை ஏதோ திட்டத்துக்கு வந்தவர் என்று எண்ணுவதும், அவர் முகம் கோணாமல் பதில் சொல்வதும் நம் ஊர்களில் இயல்பு. எல்லாக் கேள்வியும் ஒரே திசையில் இருந்தால் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்பா எண்ணை இந்த மரியாதையே ஏற்றிவிடும். கருவி நம்பகமானது என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவோம். அதற்கு மாற்றாக, 1965-ல் வந்த ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோலைப் போல் பத்தில் ஐந்தை எதிர்த்திசையில் வைக்கச் சொல்வார்கள். தமிழில் அதற்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'உங்களுக்குக் கவலை ஒன்றும் இல்லையே?' என்றால் வரும் 'ஆமாங்க', கவலை இல்லை என்பதா, உண்டு என்பதா? எதிர்க்கேள்வி வேண்டும், ஆனால் 'இல்லை' சேர்க்காமல் எழுத வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் திரும்ப மூலமொழிக்கே பெயர்த்துச் சரிபார்த்தாயிற்றே, போதாதா என்று கேட்பார்கள். சொல் பிசகியிருந்தால் அந்த முறை பிடிக்கும். வீட்டில் செய்தித்தாள் இல்லை என்பதைப் பிடிக்காது. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஊருக்கு ஒரு கருவி என்றால் ஒப்பிடுவது எப்படி? 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது, பொதுக் கருவி இல்லாமல் அது சாத்தியமில்லை. நியாயம்தான். அதனால் பொதுக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பக்கத்திலேயே ஊர்ச்சொல்லில் எழுந்த கேள்விகளையும் வையுங்கள் என்கிறேன். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு அப்படித்தான் 14 கேள்விகள் கொண்ட ஷோனா மொழிக் கருவியை உருவாக்கியது. 'ரொம்ப யோசிக்கிறது' என்பது அங்கே மக்களே துயரத்துக்கு வைத்திருந்த பெயர். 2016-ல் வெளியான ஒரு பெரிய சோதனை ஆய்வில் அந்தக் கருவியே முதன்மை அளவீடாக நின்றது. உள்ளூர்ச் சொல் விஞ்ஞானத்துக்கு ஆகாது என்பவர்களுக்கு இது போதும்.

சோதனை ஆய்வு பற்றி இங்கே அதிகம் சொல்ல இடமில்லை. சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் எல்லாரும் கலந்து பேசும் மலையில், ஒரு வீட்டுக்குப் பயிற்சி, அடுத்த வீட்டுக்கு இல்லை என்று பிரித்தால் வாரத்துக்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். ஊர் ஊராகப் பிரிக்க வேண்டும். நாடு நாடாகப் பிரித்தாலோ பதினான்கே கிடைக்கும், குலுக்கல் முறையில் குழு பிரிக்க அது குறைவு.

மலையில் ஆய்வேடு செய்யப்போகும் மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் மேலே போய் ஐந்தாறு பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்துக்காட்டுங்கள். பதில் கேட்காதீர்கள். கேள்வி என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.