தன்வரலாறு என்னும் சான்று

நுழையும்முன்

சமூக அநீதியைப் பற்றிப் பேசும் எழுத்துகள் இருவகையின. அதன் தோற்றம், பரவல், விளைவு ஆகியவற்றை ஆராய்ந்து கூறுவன ஒருவகை. அதற்கு ஆளானவர் தமக்கு நேர்ந்ததைத் தாமே எடுத்துரைப்பன மற்றொரு வகை. முதல்வகை எழுத்து நமக்குச் செய்தியைத் தருகிறது. இரண்டாம்வகை எழுத்து, அச்செய்தியை நம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கச் செய்கிறது. ஒருவர் தம் வாழ்வில் நிகழ்ந்ததைக் கூறும்போது, அவ்வாழ்வை ஒருநாளும் வாழ்ந்திராத மற்றொருவர் மனத்தில் என்ன நிகழ்கிறது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

பொதுவிளக்கமும் தனிநிகழ்வும்

அண்ணல் அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல் ஒன்று உண்டு. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று பொருள்படும் தலைப்பினை உடையது அது. 1930களில் எழுதப்பட்ட அந்நூல், அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. மறைவுக்குப்பின் 1990ஆம் ஆண்டில்தான் அச்சேறியது. தீண்டாமையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தும், அதனை அருகிருந்து கண்டிராத அயல்நாட்டவருக்கு அதன் கொடுமையை எவ்வாறு உணர்த்துவது என்னும் வினாவோடு அந்நூல் தொடங்குகிறது. பொதுப்படையாக விளக்குவது ஒருவழி; நடந்த நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழியே பயன்மிக்கது என்று கருதிய அம்பேத்கர், தம் வாழ்விலும் பிறர் வாழ்விலும் நேர்ந்தவற்றைத் தொகுத்துரைத்தார்.

பொருளியலும் சட்டமும் கற்றுத்தேர்ந்த அறிஞர் அவர். புள்ளிவிவரங்களையும் தருக்கங்களையும் கையாள்வதில் அவருக்கு நிகரானவர் சிலரே. அத்தகையவர், தீண்டாமை இன்னதென அறியாதாருக்கு அதனை உணர்த்த முற்பட்டபோது கதையைத் தேர்ந்தெடுத்தார் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

நீர் கிடைக்காத இரவு

நூலின் முதல் நிகழ்வு 1901ஆம் ஆண்டளவில் நடந்தது. அப்போது அம்பேத்கருக்கு வயது ஒன்பது. தாயை இழந்த அவர், சாத்தாராவில் அத்தையின் பொறுப்பில் வளர்ந்துவந்தார். தந்தையோ கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராகப் பணியாற்றினார். பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காகப் பம்பாய் அரசு அங்கே ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு வருமாறு தந்தை அழைக்க, சிறுவர் அம்பேத்கரும் அவருடைய அண்ணனும் அக்காள் மக்களும் புறப்பட்டனர். புத்தாடை, அணிசெய்த தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புதிய காலணி என அவர்களின் கோலமே திருவிழாக்கோலமாக இருந்தது.

மசூர் என்னும் நிலையத்தில் தொடர்வண்டியைவிட்டு இறங்கினர். அவர்கள் எழுதிய கடிதம் தந்தைக்குச் சேராமையால், அழைத்துச்செல்ல ஒருவரும் வரவில்லை. உடையைக் கண்டு உயர்குடிச் சிறுவர்கள் என்று எண்ணிய நிலைய அலுவலர் அன்போடு விசாரித்தார். தாங்கள் மகர் சாதியினர் என்று சிறுவர்கள் கூறிய அளவில் அவர் முகம் மாறியது, விலகிச் சென்றார். மாட்டுவண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. முடிவில் ஒருவர் இருமடங்கு கூலிக்கு உடன்பட்டார். ஆனால், வண்டியைச் சிறுவர்களே ஓட்டவேண்டும். அவர் உடன் நடந்துவருவார்.

கையில் கட்டுச்சோறு நிறைய இருந்தது. குடிக்க நீர் இல்லை. வழியில் கண்ட நீரோ மாட்டுச்சாணமும் சேறும் கலந்து கிடந்தது. நள்ளிரவில் ஒரு சுங்கச்சாவடியை அடைந்தனர். வண்டிக்காரர் கற்பித்தபடி, தங்களை முஸ்லிம்கள் என்று கூறி, தமக்கு நன்கு தெரிந்த உருதுமொழியில் சிறுவர் அம்பேத்கர் தண்ணீர் கேட்டார். அதுவும் பயன்தரவில்லை. மலைமேல் நீர் இருப்பதாகவும், வேண்டுமானால் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சாவடிக்காரர் கடுமையாகக் கூறிவிட்டார். கூடை நிறைய உணவிருந்தும், நீரின்மையால் சிறுவர்கள் பசியோடு படுத்தனர்.

இந்நிகழ்வை அம்பேத்கர் மிக எளிய நடையில் கூறுகிறார். யாரையும் வைது பேசவில்லை. ஆயினும், படித்துமுடித்தவர் நெஞ்சில் அந்தக் கூடையும் நீரற்ற இரவும் நிலைத்துவிடுகின்றன.

உதிரும் சாக்குகள்

அநீதியை நேரில் காணும்போதும் மனித மனம் அதற்கொரு சாக்குத் தேடும். ‘அவர்கள் தூய்மையாக இல்லை, ஆகவே ஒதுக்கினர்’ எனும். ‘வறுமையே காரணம்’ எனும். ‘கல்வி பெற்றால் நிலைமை மாறிவிடும்’ எனும். அம்பேத்கர் கூறும் நிகழ்வுகளை வரிசையாகப் படித்தால், அச்சாக்குகள் ஒவ்வொன்றாக உதிர்வதைக் காணலாம்.

மசூர் நிலையத்தில் இறங்கிய சிறுவர்களின் உடையில் குறையில்லை. கையில் பணமும் இருந்தது. எனவே, தூய்மையின்மையும் வறுமையும் காரணங்களல்ல என்பது தெளிவாகிறது. இனிக் கல்வியைப் பார்ப்போம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய அம்பேத்கர், தம் படிப்புக்கு உதவிய பரோடா அரசில் பணியாற்றச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியொன்றில், பார்சிப் பெயரில் பதிவுசெய்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள், தடிகளோடு வந்த ஒரு கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. நண்பர் இருவரை நாடினார். அவ்விருவர் வீட்டிலும் இடம் இல்லை. நகரின் பொதுப்பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு வண்டியில் பம்பாய்க்குத் திரும்பினார்.

பதவி வந்தபிறகாவது நிலைமை மாறியதா? 1929ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்டோர் குறைகளை ஆராய அரசு அமைத்த குழுவின் உறுப்பினராக அவர் இருந்தார். சாலிஸ்காவ் என்னும் ஊரில், அவரை ஏற்றிச்செல்லக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தனர். தம் தலைவர் நடந்து வருவது தகாது என்று எண்ணிய அவ்வூர் மகர் மக்கள், ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்தனர். அதன் உரிமையாளர் ஓட்ட மறுக்கவே, பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். ஆற்றின்மேல் அமைந்த பாலத்தில் வண்டி நிலைகுலைந்தது. தூக்கியெறியப்பட்ட அம்பேத்கரின் கால் எலும்பு முறிந்தது. வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினருமான ஒருவரைவிடத் தாம் மேலானவர் என்று அந்த வண்டிக்காரர் எண்ணியதற்குப் பிறப்பு ஒன்றைத் தவிர வேறு காரணம் இல்லை.

இங்ஙனம், ஒரு நீண்ட வாதம் செய்யவேண்டிய பணியை மூன்று நிகழ்வுகள் செய்துமுடிக்கின்றன.

பொருள்கள் பேசும் உண்மை

அம்பேத்கர் தம் கதையோடு நின்றுவிடவில்லை. கத்தியவார்ப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் 1929ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தையும் நூலில் சேர்த்துள்ளார். மகப்பேற்றுக்குப்பின் நோயுற்ற மனைவியைப் பார்க்குமாறு அவ்வாசிரியர் மருத்துவரை வேண்டினார். குடியிருப்புக்குள் வர மறுத்த மருத்துவர், நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்தார். உடல்வெப்பமானியை அவர் தம் கையால் நோயாளியிடம் தரவில்லை. அது முதலில் ஒரு முஸ்லிம் அன்பரிடமும், பின்னர்க் கணவரிடமும், அதன்பின் மனைவியிடமும் சென்றது. அதே வரிசையில் திரும்பியது. அந்தப் பெண் உயிர்பிழைக்கவில்லை.

தமிழிலும் இத்தகையதொரு காட்சியைக் காண்கிறோம். 1992ஆம் ஆண்டில் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, தமிழ்த் தலித் தன்வரலாற்று எழுத்தில் முன்னோடியாக வைத்துப் போற்றப்படுகிறது. தம் மக்களின் பேச்சுமொழியிலேயே பாமா அதனை எழுதினார். பனைமட்டையின் இருபுறமும் உள்ள கூர்மையான விளிம்பே கருக்கு. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவரைக் காண்கிறாள். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச்சென்று, பணிவோடு நிலவுடைமையாளரிடம் தருகிறார் அவர். சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவர் தொட்டால் பண்டம் தீட்டாகிவிடும் என்பதால்தான் அவ்வாறு சுமந்தார் என்று அண்ணன் விளக்கியதும், சிரிப்பு சினமாக மாறுகிறது.

படிப்பவரும் முதலில் அச்சிறுமியோடு சேர்ந்து சிரிக்கிறார். உண்மை விளங்கியதும் அச்சிரிப்புக்காக நாணுகிறார். கைமாறிச்சென்ற வெப்பமானியும் கயிற்றில் தொங்கிய பொட்டலமும் சிறிய பொருள்களே. எனினும், ஒரு சமூகத்தின் அமைப்பு முழுவதையும் அவை காட்டிவிடுகின்றன.

கேட்பவர் மனம்

இத்தகைய கதைகள் கேட்பவரை உண்மையாகவே மாற்றுமா? அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, 1838ஆம் ஆண்டில் தப்பி விடுதலை பெற்ற பிரடெரிக் டக்ளஸின் வாழ்வில் இதற்கு விடை உண்டு. அவர் தம் வரலாற்றை 1845ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பால்டிமோர் நகரில் சிறுவராக இருந்தபோது, வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தார். கணவர் அதனைத் தடுத்தார். அதன்பின், தெருவில் இருந்த வெள்ளை இன ஏழைச் சிறுவர்களிடம் டக்ளஸ் படிக்கக் கற்றார். பசித்திருந்த அவர்களுக்குத் தம் ரொட்டியைத் தந்து பாடம் பெற்றார். ‘நீங்கள் வளர்ந்ததும் விடுதலை பெறுவீர்கள், நான் வாழ்நாள் முழுவதும் அடிமை’ என்னும் கருத்துப்பட அவர் பேசியபோது, அச்சிறுவர்கள் கலங்கினர், ஆறுதல் கூறினர். அடிமைக்கு எழுத்தறிவிப்பது அன்று குற்றமாகக் கருதப்பட்டமையால், அவர்களுக்குத் தீங்கு நேராதவாறு டக்ளஸ் தம் நூலில் அவர்தம் பெயர்களை மறைத்தார்.

அச்சிறுவர்கள் அடிமைமுறையைப் பற்றிய விளக்கவுரை எதையும் கேட்டவரல்லர். உடன் நின்று ரொட்டியைப் பகிர்ந்த ஒருவனின் வாழ்வை அவன் வாயாலேயே கேட்டனர். அதுவே போதுமானதாக இருந்தது.

இரக்கமும் ஒத்துணர்வும்

இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு. இரங்குபவர் மேலே நின்று கீழே பார்க்கிறார். ஒத்துணர்பவர் அருகில் வந்து நிற்கிறார். பிறர் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்ளாத அறிவினால் பயனில்லை என்று திருவள்ளுவர் கருதியதும் இதனாலேயே.

தன்வரலாற்றைப் படிப்பவர் செய்யவேண்டிய மற்றொரு கடமையும் உண்டு. துன்புற்றவர் இடத்தில் மட்டும் தம்மை வைத்துப் பார்ப்பது எளிது. நிலைய அலுவலர், சுங்கச்சாவடிக்காரர், விருந்துக்கு அஞ்சிய நண்பர், மருத்துவர் ஆகியோர் கொடியோராகப் பெயர்பெற்றவரல்லர். நாள்தோறும் நாம் காணும் இயல்பான மனிதர்கள். ‘அந்த நள்ளிரவில் சாவடிக் கதவருகே நான் நின்றிருந்தால் நீர் தந்திருப்பேனா?’ என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்பவரே அக்கதையை முழுமையாகப் படித்தவர்.

கதையும் சட்டமும்

உணர்ச்சி செயலாக மலரும்போதுதான் அநீதி அகலும். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களை அம்பேத்கர் அழைத்துச்சென்று நீரருந்தினார். இந்திய அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய கிணறு, குளம், நீராடுதுறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி முதலியவற்றின் அடிப்படையில் எவரையும் தடுத்தல் கூடாது என்று 15ஆம் உறுப்பு கூறுகிறது. வெறும் சட்டமாகப் படித்தால் அவை சில சொற்களே. நீரின்றிப் படுத்துறங்கிய சிறுவர்களின் கதையை அறிந்தபின் படித்தால், ‘கிணறு’, ‘குளம்’ என்னும் சொற்கள் அங்கு ஏன் இடம்பெற்றன என்பது விளங்கும். செய்யத்தகாதது இன்னதென்று சட்டம் விதிக்கிறது. அது ஏன் தகாது என்பதை வாழ்ந்தவரின் சொல் உணர்த்துகிறது. நீதியுள்ள சமூகத்துக்கு இரண்டும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மூத்தவர் ஒருவரைக் கண்டு, அவர் இளமையில் எதிர்கொண்ட வேறுபாடுகளைக் கேட்டறிக. அவர் இசைவு பெற்று, அவருடைய சொற்களிலேயே ஒரு பக்க அளவில் எழுதுக.
2. ‘ஒத்துணர்வை வளர்ப்பதில் பெரிதும் உதவுவது சட்டமா, தன்வரலாறா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

சிறுவினா

1. இரக்கத்துக்கும் ஒத்துணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
2. வெப்பமானி, பொட்டலம் ஆகிய பொருள்கள் உணர்த்தும் செய்தி யாது?

நெடுவினா

அம்பேத்கர் கூறும் நிகழ்வுகள், அநீதிக்குக் கற்பிக்கப்படும் சாக்குகளை எவ்வாறு தகர்க்கின்றன என்பதைச் சான்றுகளுடன் விளக்குக.